தோலில்லாத கூய்

யானினாவுக்கும் அவள் மாமியார் தியோஃபிலாவுக்கும் நடுவில் வந்து நின்றது ஒரு கூய். கல்யாணத்தன்று வந்து நின்றது, பிறகு நகரவே இல்லை.

கூய் என்பது மலைக்காரர்கள் அடுப்படியில் புல் போட்டு வளர்க்கும் கினிப்பன்றி. மடியில் வைத்துக் கொஞ்சுவதற்கு இல்லை. விருந்தாளி வந்தால் அறுப்பதற்கு. ஷில்லபம்பா ஊரில் ஒருத்தியை மருமகளாக ஏற்றுக்கொண்டாயிற்று என்றால், மாமியார் தன் கையால் முழுக் கூய் ஒன்றைப் பொரித்து, தலையும் பல்லுமாக அவள் தட்டில் வைப்பாள். தியோஃபிலா வைத்தாள். இருந்ததிலேயே கொழுத்ததைப் பார்த்து அறுத்து, மிளகாய்ச் சாறு ஊற்றி, சுற்றிலும் உருளைக்கிழங்கு அடுக்கி வைத்தாள்.

யானினா கடற்கரைக்காரி. சிம்போதேயில், மீன்மாவு ஆலைகளின் நாற்றத்தில் பிறந்து வளர்ந்தவள். தட்டில் இருந்த அந்த இரண்டு முன்பற்களைப் பார்த்துவிட்டு மாப்பிள்ளை பக்கம் சாய்ந்தாள். "ஐயோ எல்மெர், எலி இது" என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் அந்த நேரம் பார்த்து வாத்தியக்காரர்கள் மூச்சு வாங்க நிறுத்தியிருந்தார்கள். பந்தி முழுக்கக் கேட்டது.

தியோஃபிலா எழுந்தாள். தட்டைத் தூக்கிக்கொண்டு போய், கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த கழுதைக்காரனுக்கு வைத்தாள்.

அதற்குப் பிறகு யானினா எப்போது மலைக்கு வந்தாலும் மாமியாரின் வரவேற்பு ஒரே மாதிரிதான் இருந்தது.

"வா மீன்காரி. உனக்கு முட்டை அவிச்சு வச்சிருக்கேன். அதையாவது திம்பியா, இல்ல அதுக்கும் வால் முளைச்சிருக்கா?"

"வால் இல்லாதது எதுவா இருந்தாலும் திம்பேன் அத்தை."

"அப்போ கூயைத் தின்னு. அதுக்கு ஏதுடி வால்? போய்த் தூக்கிப் பாரு. வாலில்லாத எலி உங்க ஊர்ல உண்டா?"

எல்மெர் சிரிப்பான். மாமனார் எலியாஸ் தொப்பியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு சிரிப்பார். யானினாவும் சிரிப்பாள். ஆனால் சாப்பாட்டு நேரத்தில் எல்லார் தட்டிலும் கூய் இருக்கும், அவள் தட்டில் மட்டும் முட்டை இருக்கும். வேற்றாள் என்று அதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது. குற்றம் யாருடையது என்றும் அவளுக்குத் தெரியும். கல்யாணத்தன்று வாயைத் திறந்தவள் அவள்தான். தின்னவும் முடியவில்லை. சந்தைக்குப் போகும் வழியில் சாக்கடையோரம் ஓடுகிறவற்றை நினைத்துக்கொள்வாள், கை தானாக முட்டைக்குப் போகும்.

முதல் கரு ஆறாம் மாதத்தில் போயிற்று. சிம்போதே சந்தையில் ஒருவன் கத்தியைக் காட்டிக் கைப்பையைப் பறித்துக்கொண்டு ஓடிய வாரம் அது. கர்ப்பப்பையின் வாய் பலவீனம் என்றார் டாக்டர். தியோஃபிலா மலையிலிருந்து இறங்கி வந்து, மருமகளின் தலைமாட்டில் உட்கார்ந்து, "பயம் உள்ள புகுந்துடுச்சு. பயந்தவ வயித்துல பிள்ளை தங்காது" என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை, திட்டவும் இல்லை. சூப்பு வைத்துக் கொடுத்தாள். "கோழிதான்" என்றாள். யானினா கிண்ணத்தை வாங்கியதும், "கோழிதான்டி" என்று இன்னொரு முறையும் சொன்னாள்.

மறுபடி கர்ப்பமானபோது மாமியாருக்கு வயிற்றில் கட்டி வந்திருந்தது. மாவட்ட ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, தாமதமாகிவிட்டது, தலைநகர் லிமாவுக்குக் கொண்டுபோனாலும் பெரிதாக ஒன்றும் செய்வதற்கில்லை என்றார்கள். மீன்பிடித் தடைக்காலம் வேறு, ஆலையில் எல்மெருக்கு வேலை இல்லை. இரண்டு பேரும் மலையேறினார்கள்.

தியோஃபிலா பாதியாகியிருந்தாள். அடுக்கடுக்காகக் கட்டியிருந்த பாவாடைகளுக்குள் ஆளே இல்லாதது போல இருந்தது. எதைத் தின்றாலும் வெளியே வந்தது. ஆனால் நாக்கு மட்டும் அப்படியே இருந்தது.

"எத்தனை மாசம்?"

"அஞ்சு அத்தை."

"பயப்படுற மாதிரி எதையும் பார்க்காதே. என்னையும் அதிகம் பார்க்காதே. கண்ணாடியில பார்த்து நானே பயந்துட்டேன்."

மாமியார் சாகப் போகிறாள் என்று தெரிந்த பிறகு யானினாவால் அந்த முட்டைத் தட்டை எதிர்கொள்ள முடியவில்லை. ஒருநாள், ஒரே ஒருநாள், அவள் கண்ணெதிரே உட்கார்ந்து கூய் தின்றுவிட வேண்டும். ஒரு வாய் போதும். அவள் போவதற்குள் செய்துவிட வேண்டும். எல்மெரிடம்கூட இதைச் சொல்லவில்லை. சொன்னால் அவன் ஊரைக் கூட்டிவிடுவான்.

அந்த வாரம் அலெஹா வருவதாகப் பேச்சு நடந்தது. அலெஹா பக்கத்துப் பள்ளத்தாக்கில் இருக்கும் வைத்தியக்காரி. வந்து உடம்பைத் தேய்த்துவிடுவாள், நோய் இறங்கும் என்றார்கள். தேய்ப்பது என்றால் எண்ணெயோ தழையோ என்று யானினா எண்ணிக்கொண்டாள். கேட்கவில்லை. ஆஸ்பத்திரி கைவிட்ட பிறகு எதைத் தேய்த்தால் என்ன?

"நீ இங்க இருக்கக் கூடாது" என்றார் எலியாஸ். "வயித்துப் பிள்ளைக்காரி இருக்கிற இடத்துல அது செய்யக் கூடாது. மேட்டுல ரொசால்வினா வீட்டுக்குப் போ. மக்காச்சோளம் உரிக்க ஆள் வேணும்னு சொன்னா. கூப்பிட்டப்புறம் வா."

யானினா போனாள். ரொசால்வினாவுக்கு அவ்வளவாக ஸ்பானிஷ் வராது, யானினாவுக்கு மலைக்காரர்களின் கெச்சுவா சுத்தமாக வராது. இரண்டு பேருக்கும் சிரித்துச் சிரித்துக் கன்னம் வலித்துப்போனது. சோளமும் தீர்ந்தது. யாரும் கூப்பிட வரவில்லை. பின்மதியக் குளிர் ஏறியதும் அவளே கிளம்பி இறங்கி வந்தாள்.

வீடு அமைதியாக இருந்தது. எல்மெர் அலெஹாவை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போயிருந்தான். எலியாஸைக் காணவில்லை. தியோஃபிலா கம்பளிக்குள் தூங்கிக்கொண்டிருந்தாள். முனகல் இல்லை. கட்டிலுக்குக் கீழே சூப்புக் கிண்ணம் காலியாக இருந்தது, பக்கத்தில் வாந்தி இல்லை. யானினா குனிந்து பார்த்தாள். மாமியாரின் முகத்தில் எப்போதும் இருக்கும் அந்த இறுக்கம் விட்டிருந்தது. தேய்த்தது வேலை செய்திருக்கிறது என்று நினைத்தாள். அவளுக்கே அது வேடிக்கையாக இருந்தது, ஆனால் சந்தோஷமாகவும் இருந்தது.

அடுப்படியில், ஜன்னல் திண்டின் மேல், நீலப் பிளாஸ்டிக் பேசின் ஒன்று இருந்தது. தண்ணீரில் ஒரு கூய் கிடந்தது. தோலுரித்து, தலை எடுத்து, வயிறு கீறி, நாய்க்கு எட்டாமல் சாக்குப் போட்டு மூடியிருந்தது.

யானினா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மலைக்காரர்கள் கூயைத் தோலுரிப்பதே இல்லை. வெந்நீரில் முக்கி மயிரைச் சுரண்டிவிட்டுத் தோலோடு பொரிப்பார்கள். மொறுமொறுவென்ற அந்தத் தோலுக்குத்தான் சண்டையே. இது அந்த ஊரில் நடை பழகும் குழந்தைக்கும் தெரியும். யானினாவுக்குத் தெரியாது. கூய் அறுக்கும்போதெல்லாம் வாசலுக்குப் போய்விடுகிறவள், பரிமாறும்போதெல்லாம் ஜன்னல் வழியே வெளியே பார்க்கிறவள். அவள் கண்டது தண்ணீரில் ஊறும் சுத்தம் செய்த கறி. அத்தைக்கு உடம்பு தேறியிருக்கிறது, சமைக்க எடுத்து வைத்திருக்கிறார்கள், ஆண்பிள்ளைகள் வழக்கம்போலப் பாதியில் விட்டுவிட்டு எங்கேயோ போய்விட்டார்கள். அவ்வளவுதான் அவளுக்குத் தோன்றியது.

தோலும் தலையும் இல்லாததால் அதில் எலியும் தெரியவில்லை. முயல் மாதிரி இருந்தது. மீன் ஆலையில் கத்தியோடு வேலை பார்த்தவள் அவள், கறி அவளுக்குப் பயமில்லை. இன்றைக்கு விட்டால் இன்னொரு நாள் கிடைக்காது என்று தோன்றியது. கையை நனைத்தாள்.

நான்காக வெட்டினாள். மிளகாய் அரைத்தாள், வேர்க்கடலை வறுத்து இடித்தாள், உருளைக்கிழங்கு வேகவைத்தாள். கொதிக்கும்போது மூச்சை வாயால் இழுத்துக்கொண்டாள். ருசி மட்டும் பார்க்கவில்லை. முதல் வாய் மாமியார் பார்க்க இருக்க வேண்டும். அதோடு, இப்போதே நாக்கில் வைத்தால் பிறகு தைரியம் இருக்குமா என்று தெரியவில்லை.

பொழுது இறங்கும்போது எல்மெர் வந்தான். சட்டியைத் திறந்து பார்க்கவில்லை. "வாசனை தூக்குதே, என்ன விசேஷம்?" என்று கேட்டுக்கொண்டே கை கழுவப் போனான். வாசனை தியோஃபிலாவையும் எழுப்பியிருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு தானாக நடந்து வந்தாள். பல வாரங்களுக்குப் பிறகு நடக்கிறாள்.

"யாரு சமைச்சது? மீன்காரியா?"

"உக்காருங்க அத்தை. இன்னிக்கு நீங்க ஒண்ணும் பேசக் கூடாது."

நான்கு தட்டு வைத்தாள். நான்கிலும் கறி வைத்தாள். நான்காவது தட்டு யாருக்கு என்று மாமியார் பார்ப்பதை ஓரக்கண்ணால் கவனித்தாள். தன் தட்டை மடியில் வைத்து, ஒரு தொடையைக் கையில் எடுத்து, "அத்தை, இங்க பாருங்க. சாப்பிடப் போறேன்" என்றாள்.

அந்த நேரம் எலியாஸ் வாசலில் வந்து நின்றார். கையில் மண்வெட்டி. வாயில் சோளக்கள்ளின் வாடை. அவர் ஜன்னல் திண்டைப் பார்த்தார். பேசின் காலியாகக் கவிழ்ந்திருந்தது. பிறகு தட்டுகளைப் பார்த்தார். அவர் முகம் போன போக்கை யானினா கவனிக்கவில்லை. அவள் மாமியாரின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள், அதில் ஏதாவது ஒரு சிரிப்பு வருமா என்று.

தியோஃபிலா கறியைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். மண்வெட்டியைப் பார்த்தாள்.

பாய்ந்து யானினாவின் கையில் அடித்தாள். தொடை எகிறிப்போய்த் தரையில் விழுந்தது.

"ருசி பாத்தியா?"

"என்னத்தை..."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு. சமைக்கும்போது நாக்குல வச்சியா? சாறையாவது நக்கினியா?"

"இல்லை! நான் என்ன திருடியா, திருட்டுத்தனமா நக்குறதுக்கு?"

"ஒரு சொட்டுகூட?"

"இல்லைன்னு சொல்றேன்ல!"

தியோஃபிலா மூச்சு விட்டாள். யானினாவின் மடியிலிருந்த தட்டைப் பிடுங்கினாள். எல்மெரின் தட்டையும் இழுத்துக்கொண்டாள். "அம்மா" என்று எழுந்தான் அவன், இப்போதுதான் அவனுக்கும் உறைத்திருந்தது. தியோஃபிலா கெச்சுவாவில் நாலு வார்த்தை சொன்னாள். தாழ்ந்த குரல், வேகமான பேச்சு. அவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். எலியாஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவருக்கும் ஒரு வாக்கியம் கிடைத்தது. அவர் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு நிலைப்படியில் சரிந்து உட்கார்ந்தார்.

தன்னைத்தான் ஏதோ கேவலமாகப் பேசுகிறார்கள் என்று யானினாவுக்குப் பட்டது. இல்லையென்றால் எதற்குப் புரியாத பாஷை?

"இது உனக்கில்லை" என்றாள் தியோஃபிலா, ஸ்பானிஷில். "என் வீட்டுக் கூய். யாருக்குப் போடணும்னு நான்தான் சொல்லணும். எனக்குப் பசிக்குது."

தின்னத் தொடங்கினாள். தன் தட்டு, பிறகு யானினாவின் தட்டு. தரையில் விழுந்ததையும் எடுத்து ஊதித் தின்றாள். சதையைப் பிய்த்து, எலும்பை உறிஞ்சி, சாறை வழித்து. சூப்பைத் தவிர எதுவும் தங்காத வயிறு. நடுவில் ஒருமுறை குமட்டியது, வாயைத் தோள்துணியால் அழுத்திக்கொண்டு விழுங்கினாள். ஆண்கள் இருவரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

யானினா வாயைத் திறந்தாள்.

"நாலு வருஷமா திங்கலை திங்கலைன்னு குத்திக் காட்டினீங்க. இன்னிக்குத் திங்க வந்தா கையில அடிச்சுப் பிடுங்குறீங்க. நான் உங்களுக்கு யாரு? வாசல்ல நிக்கிற நாயா?"

தியோஃபிலா மென்றுகொண்டே இருந்தாள்.

"உங்க எலியை நீங்களே வச்சுக்கோங்க. நல்லாத் தின்னுங்க. தின்னுட்டுச் செத்துப்போங்க."

எல்மெர் தலையை நிமிர்த்தினான். ஓர் அறை விழும் என்று யானினா எதிர்பார்த்தாள். விழவில்லை. தியோஃபிலா அடுத்த தட்டை அருகே இழுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை வேனில் யானினா கிளம்பினாள். ஒருவரும் தடுக்கவில்லை. "கூட்டிட்டுப் போய் அவ அம்மாகிட்ட விட்டுட்டு வா. இந்த வீட்டுல இருக்க வேண்டாம்" என்று தியோஃபிலா மகனிடம் சொன்னது அவள் காதில் விழுந்தது. வீட்டைவிட்டு விரட்டுகிறாள் என்று எடுத்துக்கொண்டாள். திரும்பிப் பார்க்காமல் வண்டி ஏறினாள்.

சிம்போதேயில் அம்மா வீட்டில் வயிறு பெரிதாகிக்கொண்டிருந்தது. எல்மெர் பெரும்பாலும் மலையில் இருந்தான். ஊர் மேட்டில் ஏறினால்தான் சிக்னல் கிடைக்கும், அங்கிருந்து தினமும் பேசுவான். யானினா குழந்தை உதைப்பதைச் சொல்வாள், முதுகு வலிப்பதைச் சொல்வாள். மாமியாரைப் பற்றி அவள் கேட்டதில்லை. அவன் தொடங்கினால், "அந்தப் பேச்சு வேண்டாம்" என்று வெட்டிவிடுவாள். பிரசவத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது அவன் மொத்தமாக இறங்கி வந்துவிட்டான். இளைத்திருந்தான். சட்டையின் இடது கையில் ஓர் ஊக்கு மட்டும் குத்தியிருந்தது.

"என்ன இது?"

"கிழிஞ்சிருந்துச்சு" என்று கழற்றிப் பையில் போட்டுக்கொண்டான்.

"உங்கம்மாவை யார் பாத்துக்கிறா?"

"அப்பா இருக்கார்."

அவ்வளவுதான் கேட்டாள். அதற்கு மேல் கேட்பது தோற்றுப்போவது போல இருந்தது.

பெண் குழந்தை பிறந்தது. அழுகையே அடுத்த தெருவுக்குக் கேட்டது. எல்மெர் குழந்தையைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்துவிட்டு, "தியோஃபிலான்னு வைக்கலாமா?" என்றான்.

"உங்கம்மா பேரா? ஏன், இவளும் வளந்து என் தட்டைப் பிடுங்கணுமா?"

அவன் குழந்தையின் துணியைச் சரிசெய்தான்.

"சொல்லிடு அவங்ககிட்ட. என் பொண்ணை அவங்க தொடக் கூடாது. அவ வாயில அவங்க கையால ஒரு பருக்கை போகக் கூடாது. வந்து என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லட்டும், அப்புறம் பார்ப்போம்."

"சொல்றேன்" என்றான் எல்மெர். குழந்தையைத் தொட்டிலில் வைத்துவிட்டு வெளியே போனான். யானினாவின் அம்மா அடுப்படியிலிருந்து, "வாயை மூடுடி" என்றாள். அம்மாவுக்கு எதற்கு இவ்வளவு கோபம் என்று யானினாவுக்கு விளங்கவில்லை. குழந்தைக்குக் கேய்லா என்று பெயர் வைத்தார்கள்.

தீட்டுக் கழிந்த மறுநாள் எலியாஸ் வந்தார். தோளில் உருளைக்கிழங்கு மூட்டை. கால்சட்டை கறுப்பு, மேல்சட்டை கறுப்பு, தொப்பிப் பட்டை கறுப்பு.

யானினா குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்தத் துக்கக் கறுப்பைப் பார்த்தாள். எல்மெரைப் பார்த்தாள், கறுப்புப் பட்டை போன பிறகு ஊக்கு மட்டும் மிஞ்சியிருந்த அவன் இடது கையையும். அவன் அப்பாவைப் பார்த்து, "சொல்லிடுங்க" என்றான்.

"எப்போ?" என்றாள் யானினா.

"மழை தொடங்கின வாரம்மா. உனக்கு எட்டாம் மாசம். சொல்லக் கூடாதுன்னு அவ உத்தரவு. பிள்ளை பெத்து, உடம்பு தேறி, எழுந்து நடந்தப்புறம்தான் சொல்லணும்னு. செத்துக்கிட்டே உத்தரவு போட்டா."

எலியாஸ் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு மீதியையும் சொன்னார். நல்லவிதமாகச் சொல்லத் தெரியாதவர், நடந்ததை நடந்தபடியே சொன்னார். அலெஹா தேய்த்தது தழையால் இல்லை. உயிருள்ள கூயால். தலை முதல் கால்வரை உடம்பெல்லாம் தேய்க்கத் தேய்க்க அது நோயை வாங்கிக்கொண்டு அலெஹாவின் கையிலேயே செத்தது. அதன் தோலை உரித்து, தலையை எடுத்து, வயிற்றைக் கீறி, தண்ணீர்ப் பேசினில் போட்டுப் பார்த்தார்கள். வெளியே எடுத்த குடலில் கறுப்பாக ஒரு முடிச்சு இருந்தது. வந்துவிட்டது, முழுசாக வந்துவிட்டது என்றாள் அலெஹா. பொழுது சாயும்போது ஆற்றுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வரச் சொன்னாள். அந்தக் கூயை மனுஷன் தொட்டுத் தின்னக் கூடாது. நாய்க்குக்கூடப் போடக் கூடாது. தின்றவர் உடம்பில் நோய் இரண்டு மடங்காக ஏறும்.

"மண்வெட்டி இரவல் போயிருந்துச்சு. வாங்கப் போனேன். இரவல் வாங்கினவன் உக்காருன்னான், ஒரு கிளாஸ் ஊத்தினான். அப்புறம் இன்னொண்ணு. என் புத்தி அவ்வளவுதான்."

யானினா குழந்தையை மார்போடு இறுக்கினாள். குழந்தை சிணுங்கியது.

"அப்போ... அன்னிக்கு நான் சமைச்சது."

"ஆமா."

"ஏன் சொல்லலை? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கீழ போட்டுட்டு ஓடியிருப்பேனே!"

"அதான் அவ கெச்சுவாவுல சொன்னா. 'வாயைத் திறக்காதீங்க. அவ கையால அறுத்து, கழுவி, புகையை மூச்சுல இழுத்திருக்கா. தெரிஞ்சா பயந்துடுவா. முன்ன ஒரு பிள்ளை பயத்துல போச்சு, இதுவும் போகும். இது என்கிட்டேர்ந்து வந்தது, என்கிட்டயே போகட்டும்'னு. நான் ராத்திரி கேட்டேன், எதுக்குடி தின்னே, கெட்டுப்போச்சுன்னு கொட்டியிருக்கலாமேன்னு. கெட்டதுன்னா மீன் அறுக்கிறவ மோந்து பார்ப்பா, ஏன்னு கேப்பா, கேட்டுக்கிட்டே இருப்பான்னு சொன்னா. பேராசை பிடிச்ச கிழவின்னா உடனே நம்பிடுவான்னு சொன்னா."

நம்பியிருந்தாள். உடனே நம்பியிருந்தாள்.

"கட்டி, மாமா" என்றாள் யானினா. "வயித்துல கட்டி. டாக்டர் அப்பவே சொன்னாரே, தேறாதுன்னு. அதனாலதானே? ஒரு கூயைத் தின்னு யாராவது சாவாங்களா?"

"கட்டிதான்" என்றார் எலியாஸ்.

"அப்புறம் என்ன?"

"ஒண்ணும் இல்லம்மா. கட்டிதான். ஆனா அன்னிக்குச் சாயங்காலம் அவ எந்திரிச்சு நடந்தா பாரு. பிழைச்சுட்டேன்னு நினைச்சுக்கிட்டுதான் நடந்து வந்தா. என்கிட்டயே சொன்னா, உருளைக்கிழங்கு தோண்டறப்போ நானும் வருவேன்னு."

கட்டியை டாக்டர் படம் எடுத்துக் காட்டியிருந்தார். பிழைத்துவிட்டோம் என்று நம்பிய ஒருத்தி, தன் சாவு என்று தான் நம்பியதைத் தட்டு தட்டாக இழுத்து வைத்துத் தின்றதை யாரும் படம் எடுக்க முடியாது. அவள் தின்றுகொண்டிருக்கும்போது எதிரே உட்கார்ந்து, தின்னுட்டுச் செத்துப்போங்க என்று சொன்னது யார் என்று அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும். ஒருவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் தேவலை என்று யானினாவுக்கு இருந்தது.

"என்னைத் திட்டுங்க மாமா."

"எதுக்கு? மண்வெட்டிக்குப் போனவன் நான்."

"ஏதாவது சொன்னாங்களா? என்னைப் பத்தி, சமைச்சதைப் பத்தி?"

எலியாஸ் யோசித்தார். "உப்பே இல்லையாம். சப்புன்னு இருந்துச்சுன்னு சொல்லிச் சிரிச்சா. ருசி பார்க்காம சமைச்சா உப்பு எப்படி இருக்கும், நல்லவேளை பார்க்கலைன்னு சொன்னா. அப்புறம் கடைசி வாரமெல்லாம் தண்ணி இறங்கலை. ஈரத் துணியால உதட்டைத் துடைச்சுவிடுவோம். பேச்சு மட்டும் இருந்துச்சு. இவன் மேட்டுல ஏறி உனக்குப் போன் போட்டுட்டு இறங்கி வருவான்ல, வாசல்லயே பிடிச்சுக் கேப்பா, மீன்காரி என்ன சொன்னான்னு. இவன் சொல்லுவான். அதைக் கேட்டுட்டுத்தான் கண்ணை மூடுவா."

யானினா எல்மெரின் பக்கம் திரும்பினாள். அவன் சுவரோரம் நின்று ஜன்னல் கம்பியின் துருவை நகத்தால் பெயர்த்துக்கொண்டிருந்தான்.

"நான்தான் ஒண்ணுமே சொல்லலையே. அவங்க பேச்சையே எடுக்கக் கூடாதுன்னு சொன்னேனே."

"விடு யானினா."

"நான் என்ன சொன்னதா சொன்னே?"

அவன் கம்பியை விட்டான். விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"அத்தை சாப்பிட்டாங்களான்னு கேட்டதா சொன்னேன். வேற எதுவும் எனக்குத் தோணலை. தினமும் அதையேதான் சொன்னேன்."

"அதுக்கு அவங்க?"

"சாப்பிட்டேன்னு சொல்லச் சொன்னா."

"தினமுமா?"

"தினமும்."